விட்டு விட்டு எரியும் ஏபிஎஸ் லைட்: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய காரில் ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இறுகாமல் தடுக்கும் அமைப்பு) லைட் ஒரு நாள் எரியும், மறுநாள் அணைந்திருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அந்த நேரம் பார்த்து எரியாது. இந்தத் தொல்லையோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். 1990களிலிருந்து ஏறக்குறைய 2010 வரை வந்த கார்களை மனதில் வைத்து எழுதியது. எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ஏபிஎஸ் லைட் எரிந்தால் பிரேக் பிடிக்காதா? வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டுமா?

மஞ்சள் நிற ஏபிஎஸ் லைட் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் உருளாமல் இறுகிப்போவதைத் தடுக்கும் உதவி மட்டும் அப்போது இருக்காது. அதனால் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி கூடுதலாக விடுங்கள். ஈரச்சாலையில் வேகத்தைக் குறையுங்கள். ஓங்கி மிதித்துச் சக்கரம் இறுகிவிட்டால் ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அந்த நொடியில் பெடலைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரம் உருண்டதும் மறுபடி மிதிக்க வேண்டும்.

சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு லைட் அணையவில்லை என்றால், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். ஏபிஎஸ் யூனிட்டே இந்தப் பங்கீட்டைச் செய்யும் கார்களில் அப்போது பின் சக்கரங்கள் முதலில் இறுகி, வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. அந்த நிலையில் ஓட்டக் கூடாது.

ஏபிஎஸ் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது?

ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் ஒரு சென்சார். அதன் எதிரே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு பல் வளையம். மெக்கானிக்குகள் டோன் ரிங் என்பார்கள். பிறகு வால்வுகளும் ஒரு சிறிய பம்ப் மோட்டாரும் அடங்கிய ஹைட்ராலிக் யூனிட். பெரும்பாலும் அதோடு ஒட்டியே எலக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட் இருக்கும். சில பழைய கார்களில் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து, அவற்றுக்குச் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரென்ஷியலில் ஒரே சென்சார்தான்.

மற்ற மூன்றும் சுழலும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென வேகம் இழந்தால், அது இறுகப்போகிறது என்று கண்ட்ரோல் யூனிட் முடிவு செய்து அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டுப் பிடிக்கும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்தச் செயலால்தான் காலுக்கடியில் பெடல் துடிக்கிறது. சென்சார் தரும் தகவல் பொய்யானால் யூனிட்டின் முடிவும் பொய்யாகும். கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

காலையில் எரிந்தது, சாயங்காலம் அணைந்துவிட்டது. தானாகவே சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை இக்னிஷன் போடும்போதும் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. அந்தச் சோதனையில் பழுது தென்படாவிட்டால் லைட் அணைந்துவிடும். பழுதுக்கான காரணம் அங்கேயேதான் இருக்கும். பழுதைக் குறிக்கும் எண்ணான எரர் கோடும் பெரும்பாலும் யூனிட்டின் நினைவகத்தில் பதிந்தே இருக்கும். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இக்னிஷன் போட்டதும் ஏபிஎஸ் லைட் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். ஒருபோதும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ அதை எடுத்துவிட்டிருக்கலாம். பழைய கார் வாங்கும்போது நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது இது.

ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், கோட் எதுவும் இல்லை என்கிறதே?

எளிய ஸ்கேனர்கள் பலவும் இன்ஜின் கோட்களை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் தனி யூனிட். அதன் கோட்கள் 'சி' எழுத்தில் தொடங்கும். ஏபிஎஸ் படிக்கக்கூடிய ஸ்கேனர்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மிகப் பழைய கார்களில் ஸ்கேனரே தேவைப்படாது: டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை இணைத்தால் லைட் விட்டு விட்டு மின்னி எண்ணைச் சொல்லும். எந்த முனைகள் என்பது காருக்குக் கார் மாறும். ஊகித்து இணைக்காமல் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

கோட் கிடைத்ததும் அழித்துவிடாதீர்கள். முதலில் எழுதி வையுங்கள், அல்லது படம் எடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் சில கார்களில் இந்தத் தடயத்தை அழித்துவிடும்.

சி0035 என்று வந்தது, இடது முன் சென்சார் என்கிறார்கள். சென்சாரை மாற்றினால் போதும்தானே?

பலரும் காசை வீணாக்குவது இந்த இடத்தில்தான். சி0035 என்பது இடது முன் சக்கரத்தின் வேகத் தகவல் பாதையில் கோளாறு என்று சொல்கிறது. (பொது வரிசையில் சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின். சில நிறுவனங்கள் சொந்த எண்களும் வைத்திருக்கின்றன.) அந்தப் பாதையில் சென்சார், அதன் முனையில் ஒட்டிய இரும்புத்தூள், டோன் ரிங், வீல் பேரிங், ஒயர், கனெக்டர், கடைசியாக யூனிட்டின் உள் சுற்று எல்லாம் அடக்கம். எந்தச் சக்கரம் என்று கோட் காட்டும். அங்கே எந்தப் பொருள் என்பதை நாம்தான் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்சாரே போயிருந்தால் பெரும்பாலும் லைட் எப்போதும் எரியும். விட்டு விட்டு எரிகிறது என்றால் முதலில் ஒயரையும் கனெக்டரையும் சந்தேகப்படுவேன், அடுத்து டோன் ரிங்கையும் பேரிங்கையும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் கோட் வந்தால் நான்கு சென்சார்களும் ஒன்றாகப் போயிருக்க வாய்ப்பே குறைவு. யூனிட்டுக்கு வரும் மின்சாரம், எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு), பெரிய கனெக்டர் இந்த மூன்றையும் பாருங்கள்.

எப்போது எரிகிறது என்று குறித்து வைக்கச் சொல்கிறார்கள். அதில் எதைக் குறிப்பது?

விட்டு விட்டு வரும் பழுதில் இந்தக் குறிப்பைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. ஒரு சிறு நோட்டு காரிலேயே இருக்கட்டும். லைட் எரிந்ததும், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: என்ன வேகம், ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பிரேக்கில் கால் இருந்ததா, கிளம்பி எவ்வளவு நேரம் ஆனது, மழையா வெயிலா. சில முறை எழுதிவிட்டால் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

ஸ்டியரிங் திருப்பும்போது வந்தால் முன் சக்கர ஒயர் மடங்குகிற இடம், அல்லது பேரிங் ஆட்டம். மழைக்குப் பிறகு அல்லது வண்டி கழுவிய பிறகு வந்து, காய்ந்ததும் போய்விட்டால் கனெக்டருக்குள் தண்ணீர், அல்லது ஒயரின் மேல்தோலில் வெடிப்பு. ஸ்டார்ட் செய்த உடனே வந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். கிளம்பிய புதிதில், மணிக்கு 20 கிலோமீட்டரை எட்டுவதற்குள் வந்தால் பம்ப் மோட்டார். பல கார்களில் யூனிட் அந்த வேகத்தில்தான் பம்பை ஒரு கணம் ஓட்டிச் சோதிக்கும், 'டர்' என்று ஒரு சத்தம்கூடக் கேட்கும். பிரேக் மிதித்த பிறகே வந்தால் பிரேக் லைட் ஸ்விட்ச். மேடு பள்ளத்தில் வந்தால் தளர்ந்த கனெக்டர் அல்லது எர்த்.

கால் மணி நேரம் ஓடி, சூடேறிய பிறகே வருகிறது, ஆறியதும் போய்விடுகிறது என்றால் அது தனி வகை. சென்சார் சுருளுக்குள் இருக்கும் மெல்லிய முறிவோ, கண்ட்ரோல் யூனிட்டுக்குள் சால்டர் வெடிப்போ காரணமாகலாம். யூனிட் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாமா?

சென்சார் எந்த வகை என்பதைப் பொறுத்தது. பழைய கார்களில் இருப்பது காந்தமும் சுருளும் கொண்ட பாசிவ் சென்சார். சக்கரம் சுழன்றால் தானே மின்சாரம் உண்டாக்கும். இதைச் சோதிப்பது எளிது. கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளுக்கும் இடையே மின்தடை பாருங்கள். பெரும்பாலும் 800 முதல் 2000 ஓம் வரை இருக்கும். சரியான அளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கச் சென்சாரோடு ஒப்பிட்டால் போதும். மீட்டரை மாட்டியபடியே ஒயரை நீளம் முழுவதும் மெதுவாக மடக்கி ஆட்டுங்கள். எங்கே எண் துள்ளுகிறதோ அங்கேதான் பழுது. ஒவ்வொரு முனைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது.

அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தை நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தே தூக்குங்கள். வோல்ட் சிறிதாகத்தான் வரும். இடதும் வலதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ஆக்டிவ் சென்சார் வேறு வகை. அதற்குள் ஒரு சிறு எலக்ட்ரானிக் சுற்று இருக்கிறது. யூனிட்டிலிருந்து வரும் மின்சாரத்தில் அது இயங்குகிறது. அதில் ஓம் பார்ப்பதில் பலன் இல்லை, சென்சார் கெடவும் வாய்ப்பு உண்டு. எந்த வகை என்று ஸ்கேனரிலும் ஊகிக்கலாம்: சக்கரம் ஊர்ந்தாலே வேகம் காட்டினால் ஆக்டிவ், மணிக்குச் சில கிலோமீட்டர் வேகம் வரும்வரை பூஜ்யம் என்றால் பாசிவ்.

லைவ் டேட்டா பார் என்கிறார்களே, அதில் எதைப் பார்ப்பது?

வண்டி ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் அளவுகள்தான் லைவ் டேட்டா. நான்கு சக்கர வேகத்தையும் அதன் ஒரே திரையில் வரைபடமாக வையுங்கள். ஓட்டுவது ஒருவர், திரையைப் பார்ப்பது இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலையில் ஓட்டினால் நான்கு கோடுகளும் சேர்ந்தே போக வேண்டும். ஒரு கோடு மட்டும் அவ்வப்போது அறுந்து பூஜ்யத்துக்கு விழுந்தால் ஒயர், கனெக்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை குத்துப்போல் தாவினால் டோன் ரிங்கில் வெடிப்பு அல்லது உடைந்த பல். வேகம் குறையும்போது மற்றவற்றுக்கு முன்பே ஒன்று பூஜ்யமானால் சென்சாருக்கும் ரிங்குக்கும் இடைவெளி கூடியிருக்கிறது.

எப்போதும் ஒரே விகிதத்தில் ஒரு கோடு தள்ளிப்போனால் வேறு கதை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டை மாற்றியபோது பல் எண்ணிக்கை மாறிய ரிங் வந்திருக்கலாம். 48 பல் இருக்க வேண்டிய இடத்தில் 44 பல் வந்தால், வண்டி 60-இல் போகும்போது அந்தச் சக்கரம் மட்டும் 55 என்று காட்டும். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

லைட் எரியவே இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் கடகடவென்று துடித்து, வண்டி கொஞ்சம் முன்னே வழுக்குகிறது. இது ஏன்?

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். லைட் எரிவதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் தேவையில்லாத நேரத்தில் ஏபிஎஸ் பிரேக் அழுத்தத்தை விட்டுவிடுகிறது. காரணம் பெரும்பாலும் துருதான். சென்சார் உட்காரும் இடத்தில் துரு பொங்கி, சென்சாரை ரிங்கிலிருந்து சற்றே தள்ளிவிடும். அங்கே இருக்க வேண்டிய இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். வேகமாகப் போகும்போது சிக்னல் வலுவாக இருப்பதால் இந்தக் குறை தெரியாது. வண்டி நிற்கப்போகும்போது பாசிவ் சென்சாரின் சிக்னல் இயல்பாகவே மங்கும். இடைவெளியும் கூடியிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் முன்கூட்டியே நின்றுவிட்டதாக யூனிட் நினைக்கும். இறுகிவிட்டது என்று எண்ணி விடுவித்துவிடும். தன் பார்வையில் சரியாக வேலை செய்ததாகவே யூனிட் கருதுவதால் கோட் பதிவதில்லை.

டோன் ரிங்கில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறி வரும். டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டில் அழுத்திப் பொருத்திய ரிங்குக்கு அடியில் துரு பிடித்து, அது பருத்து ரிங்கை வெடிக்க வைக்கும். சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே டார்ச் அடித்து முழுச் சுற்றும் பாருங்கள். வெடிப்பு மயிரிழைபோல்தான் இருக்கும்.

ஏபிஎஸ்தான் காரணமா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. காலியான, சமமான இடத்தில் ஏபிஎஸ் பியூஸை எடுத்துவிட்டு, மெதுவான வேகத்தில் அதேபோல் நிறுத்திப் பாருங்கள். துடிப்பு நின்றால் காரணம் ஏபிஎஸ். துடிப்பு அப்படியே இருந்தால் வளைந்த டிஸ்க் போன்ற மெக்கானிக்கல் கோளாறு. சோதனை முடிந்ததும் பியூஸைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று பார்த்தால் அசையவே மாட்டேன் என்கிறது?

பழைய வண்டியில் இது சகஜம். துரு இளக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், உளியால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் உடல் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டால் வேலை பல மடங்கு ஆகும். ஓம், ஏசி வோல்ட் சோதனைகளைக் கழற்றாமலேயே செய்யலாம். அவற்றில் சென்சார் நன்றாக இருப்பது தெரிந்தால் எதற்குக் கழற்ற வேண்டும்?

வெளியே வந்துவிட்டால் முனையில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்து, அது உட்காரும் பரப்பில் உள்ள துருவை உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். சென்சாரின் முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்.

ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஒட்டுப் போட்டால் தாங்குமா?

மடங்காத பகுதியில் தாங்கும். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடி, இரண்டு ஒயர்களும் முறுக்கியிருந்தால் அதேபோல் முறுக்கியே விடுங்கள். வெளி மின்னிரைச்சல் சிக்னலில் கலக்காமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் பளபளப்பான கம்பி வரும்வரை வெட்டிவிட வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து மடங்கும் பகுதியில் ஒட்டு வேண்டாம். சால்டரின் ஓரத்திலேயே மறுபடி முறியும். அங்கே சென்சாரை ஒயரோடு சேர்த்து மாற்றுவதுதான் சரி.

வீல் பேரிங் புதிதாகப் போட்டேன். அன்றிலிருந்து லைட் எரிகிறதே?

ஆக்டிவ் சென்சார் உள்ள பல கார்களில் பல் வளையம் தனியாக இருக்காது. பேரிங்கின் ஒரு பக்க சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சென்சாருக்கு எதிரே காந்தமே இருக்காது. காந்தம் உள்ள பக்கம் கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. ஒரு பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோனால் ஒட்டும் பக்கம் எது என்று தெரியும். வலுவான காந்தத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வளையத்தின் காந்தப் பதிவு அழிந்துவிடும். திருப்பிப் போட்டதைக் கழற்றி அழுத்தும்போது பேரிங் பெரும்பாலும் கெட்டுவிடும் என்பதால், பொருத்துவதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

டயர் மாற்றினாலும் ஏபிஎஸ் லைட் வருமா?

வரலாம். ஒரு சக்கரம் விட்டத்தில் சிறிதானால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், யூனிட்டுக்கு அது பழுதாகத் தெரியலாம். தேய்மானத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் 8 மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் அது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. பொதுவாகப் பிரச்சினை செய்யாது. அளவு சிறிய தற்காலிக ஸ்டெப்னியோ, அளவு மாறிய டயரோ லைட்டை எரிய வைக்கும். காற்று மிகக் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுச் சென்சார் போட்டாயிற்று, ஒயரும் சரி. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

யூனிட்டுக்குத் தீர்ப்புச் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். யூனிட்டின் கனெக்டரில் அளந்தபோது சென்சார் சிக்னல் சரியாக வருகிறதா? பம்ப் ஓடும் நேரத்தில் யூனிட்டின் மின்சாரமும் எர்த்தும் தாக்குப்பிடிக்கின்றனவா? கனெக்டர் ஊசிகளில் பச்சையோ, பிரேக் ஆயில் கசிவோ இருக்கிறதா? பம்ப் அதிக மின்சாரம் இழுப்பது. துருப்பிடித்த எர்த் சும்மா இருக்கும்போது சரியாகத் தெரிந்து, பம்ப் ஓடும்போது கைவிடும். இந்த மூன்றையும் அளந்து பார்க்காமல் யூனிட் என்று சொன்னால் அது ஊகம்தான்.

மூன்றும் சரியாக இருந்து, நோட்டில் 'சூடானால் வருகிறது' என்றே பதிந்திருந்தால் யூனிட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் அறையின் சூட்டிலும் அதிர்விலும் ஆண்டுக்கணக்கில் இருந்து உள்ளே இணைப்புகள் வெடிப்பது பழைய யூனிட்களில் தெரிந்த நோய். பல மாடல்களில் பிரேக் பைப்பைத் தொடாமல் எலக்ட்ரானிக் பகுதியை மட்டும் பிரித்து, அதைப் பழுதுபார்ப்பவர்களிடம் கொடுக்கலாம். உங்கள் காரின் சொந்த யூனிட்டே திரும்பி வருவதால் கோடிங் (யூனிட்டை ஸ்கேனரால் அந்தக் காருக்கு ஏற்ப அமைப்பது) தொல்லை குறைவு. அதனால் முதலில் இதையே பரிந்துரைப்பேன்.

பழைய யூனிட் வாங்கிப் போடுவதானால் பார்ட் நம்பர் முழுவதும் ஒத்துப்போக வேண்டும், கடைசி எழுத்துகள் உட்பட. சில கார்களில் கோடிங் செய்தால்தான் வேலை செய்யும். ஹைட்ராலிக் பகுதியும் மாறினால் பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். பல கார்களில் ஸ்கேனரால் வால்வுகளைத் திறந்துதான் முழுதாக எடுக்க முடியும்.

எதுவும் ஒத்துவரவில்லை. பியூஸைப் பிடுங்கிவிட்டு ஏபிஎஸ் இல்லாமலே ஓட்டிவிடலாமா?

நிரந்தரத் தீர்வாக வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பிரேக் பங்கீடு அதோடு சேர்ந்து போகலாம். சில கார்களில் ஸ்பீடோமீட்டருக்கும் டிராக்ஷன் கண்ட்ரோலுக்கும் வேகத் தகவல் ஏபிஎஸ் யூனிட்டிலிருந்துதான் போகிறது. நிற்கும்போது துடிக்கும் பழுதில் மட்டும், வொர்க்ஷாப் போய்ச் சேரும்வரை பியூஸை எடுத்து வைப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் சிவப்பு லைட் எரியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லைட் பல்பை எடுத்துவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். நாளை வேறொருவர் அந்தக் காரை ஓட்டலாம். அவருக்கு ஏபிஎஸ் இல்லை என்பதே தெரியாது.

சரி, எல்லாம் செய்தாயிற்று. உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுதி வைத்த கோட்களை இப்போது அழியுங்கள். பிறகு நோட்டை எடுத்து, பழுது எந்தச் சூழ்நிலையில் வந்ததோ அதையே உருவாக்குங்கள். மழையில் வந்ததென்றால் பழுதுபார்த்த ஒயரின் மேல் தண்ணீர் தெளித்து ஓட்டுங்கள். வளைவில் வந்ததென்றால் காலியான இடத்தில் இரண்டு பக்கமும் எட்டுப் போடுங்கள். சூட்டில் வந்ததென்றால் முன்பு எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஓட்டுங்கள். வழக்கமான பாதையில் ஒரு வாரம் லைட் எரியவில்லை என்பது மட்டும் சான்று ஆகாது, ஏனென்றால் அந்த வாரம் மழையே பெய்யாமல் இருந்திருக்கலாம்.

ஓட்டி வந்த பிறகு ஸ்கேனரை மறுபடி மாட்டுங்கள். லைட் எரியாவிட்டாலும் கோட் பதிந்திருக்கக்கூடும். நான்கு வேகக் கோடுகளும் நிற்கும் கணம்வரை சேர்ந்தே இறங்கி, கோட் எதுவும் பதியவில்லை என்றால் வேலை முடிந்தது. அந்த நோட்டை மட்டும் காரிலேயே விட்டுவையுங்கள், அடுத்து வேறு சக்கரத்தில் வந்தாலும் உதவும்.